மூன்றாம் பக்கத்தில் இருந்த தேங்காய்

என்னிடம் சுத்தியல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மாஜிஸ்திரேட் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். எங்கள் நாட்டில் எந்த மாஜிஸ்திரேட்டும் மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொல்வதில்லை. தலையில் வெள்ளைச் சுருள்முடி வைத்துக்கொள்வதுமில்லை. ஒரு கறுப்பு கோட்டு, ஒரு கணினி, ஒரு தண்ணீர் போத்தல், முகத்தை மறைக்கும் அளவுக்குக் கோப்புகள். அவ்வளவுதான் என் அதிகாரத்தின் தளவாடங்கள். பினாங்கின் பாயான் பாருவில் எங்கள் எதிர்வீட்டு அக்கா, "சுத்தி இல்லாம எப்படிம்மா சத்தத்த நிறுத்துவே?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

சட்டம் படித்து முடித்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அரசாங்கச் சட்டத்துறைக்கு மனுப் போட்டேன், நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், ஒருநாள் பழுப்பு உறையில் கடிதம் வந்தது. இருபத்தைந்தாவது வயதில் கிளந்தான் எல்லையோரம் ஒரு சின்ன ஊரில் மாஜிஸ்திரேட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முதல் வாரம் ஒரு பெரியவர் என் அறை வாசலில் நின்று, மாஜிஸ்திரேட் எத்தனை மணிக்கு வருவார் மகளே என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அரை மணி நேரம் கழித்து அவருக்கு அபராதம் போட்டேன். அந்தச் சிரிப்புக்காகப் போடவில்லை என்று இன்றுவரை என்னிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே இரண்டு வருடம். பிறகு வேறொரு ஊரில் பதிவாளர் வேலை, அதாவது காலை முதல் மாலை வரை முத்திரை குத்தும் வேலை. பிறகு இன்னொரு பழுப்பு உறை, பினாங்குக்கு மாற்றல். சொந்த ஊர். பிறந்து வளர்ந்த தீவிலேயே மாஜிஸ்திரேட் ஆவது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் சட்டைப் பையிலிருந்து போக்குவரத்து சம்மனை எடுத்து நீட்டுவார். "கொறைக்க வேணாம்மா, சும்மா பாத்து சொல்லு, இது ஞாயமா?" என்பார். நான் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன்.

அந்த முதல் வருடத்தில் நான் செய்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். போலீஸ் ஒருவரைப் பிடித்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். மேற்கொண்டு அடைத்து வைக்க வேண்டுமென்றால் ஏன் என்று விசாரணை நாட்குறிப்பைக் காட்டிக் கேட்க வேண்டும். அதுதான் ரிமாண்டு. நேரம் தாண்டிவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும். பினாங்கில் ஒரு திங்கட்கிழமை காலை வராந்தா முழுக்கக் கைதிகளின் ஆரஞ்சுச் சட்டைகள். எனக்குத் தலைவலி வேறு. ஒருவருக்கு நாலு நாள் கேட்டார்கள். நாட்குறிப்பில் முதல் இரண்டு பக்கம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுபடி அவரைக் கொண்டுவந்தபோதுதான் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். சம்பவம் நடந்த நேரத்தில் அவர் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலையில் இருந்தார் என்று அங்கே எழுதியிருந்தது. முதல் நாளே எழுதப்பட்டிருந்தது. உடனே விடுவித்தேன், ஆனால் அதற்குள் அவருக்கு வேலை போயிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, "நன்றி புவான்" என்று, அம்மா என்பதற்கான மலாய் மரியாதைச் சொல்லோடு, சொல்லிவிட்டுப் போனார். வெட்கத்தில் செத்தேன். அன்றிலிருந்து எந்த நாட்குறிப்பையும் கடைசி வரி வரை படிக்காமல் நான் பேனாவைத் திறப்பதில்லை.

எங்கள் வேலையில் அடுத்த படி செஷன்ஸ் நீதிமன்றம். யாருக்கு எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பழுப்பு உறை வரும், அல்லது வராது. என்னோடு சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. எனக்கு வரவில்லை. நான் பேசாமல் இருந்தேன், அம்மாவால் முடியவில்லை.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம். முப்பது வருடம் எலக்ட்ரோனிக்ஸ் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சில்லுகளில் பழுது பிடித்தவர். அந்த மைக்ரோஸ்கோப் அவர் கழுத்து எலும்பைத் தேய்த்துவிட்டது, தலையில் பூ வைத்தாலே வலிக்கிறது என்பார். கண் மட்டும் அப்படியே இருக்கிறது. என் சட்டைப் பொத்தான் முதல் என் வாழ்க்கை வரை எதில் பழுது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். என் வாழ்க்கையில் இப்போதைக்கு உள்ள பழுது செஷன்ஸ் கிடைக்காதது என்று கண்டுபிடித்து, தண்ணீர்மலை முருகனிடம் நேராகப் போய் வேண்டிக்கொண்டார். தைப்பூசத்துக்கு முதல்நாள் ரதத்துக்கு இருபத்தொரு தேங்காய் உடைப்பது, மறுநாள் பால்குடம் எடுப்பது. உடைப்பதும் எடுப்பதும் நான். எனக்கு நோட்டீஸ் கொடுக்காமலே வழக்குப் பதிவாகித் தீர்ப்பும் ஆகிவிட்டிருந்தது.

"நீங்க வேண்டுனீங்க, நீங்க எடுங்களேன்" என்றேன்.

"எனக்குக் கழுத்து இல்ல. பதவி உனக்குத்தானே? நீ எடு."

நிபந்தனைகளையும் அவரே வகுத்தார். வேலைக்குப் போய்க்கொண்டே விரதம் இருக்கலாம். ஆனால் தலையில் ஏற்றிய குடம் மலையுச்சி போய்ச் சேரும்வரை தலையை விட்டு இறங்கக் கூடாது. கையில் வாங்கக் கூடாது, மேசையில் வைக்கக் கூடாது. இறங்கினால் வேண்டுதல் முறிந்துவிடும், செஷன்ஸும் போய்விடும். எங்கள் வீட்டில் அம்மாதான் கூட்டரசு நீதிமன்றம். அதற்கு மேல் முறையீடு கிடையாது.

பொது விடுமுறையிலும் போலீஸ் ஆட்களைப் பிடிக்கத்தானே செய்யும்? அதனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் எங்கள் மாஜிஸ்திரேட்டுகளில் ஒருவர் ரிமாண்டுப் பணியில் இருக்க வேண்டும். இதற்கு எங்களுக்குள் எழுதப்படாத ஒரு ஏற்பாடு உண்டு. ஹரிராயா நோன்புப் பெருநாளுக்கு நானும் சீனத் தோழரும் இருப்போம். சீனப் புத்தாண்டுக்கு நானும் மலாய்த் தோழியும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் அவர்கள். அதற்கு முந்தைய ராயா இரண்டு நாளும் நானே உட்கார்ந்தேன். மலாய்த் தோழி வீட்டிலிருந்து டப்பா டப்பாவாக ரெண்டாங் கறி வந்தது. பதிலுக்குத் தைப்பூசம் அவள் பொறுப்பு. அப்போது அவள் நிறைமாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, கவலைப்படாதே என்றாள். நானும் கவலைப்படவில்லை.

முதல்நாள் காலை ரதம் பார்க்கப் போனோம். சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள், பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி, நடுவில் தேங்காய் மலைகள். எங்கள் இருபத்தொரு தேங்காயைப் பசாரில் சொல்லி வைத்திருந்தோம். அவற்றைக் காரில் கொண்டுவர வேண்டிய அப்பா நெரிசலில் எங்கேயோ மாட்டிக்கொண்டார். ரதம் நெருங்கிவிட்டது. அம்மா கையைப் பிசைந்தார். எங்கள் பக்கம் இருந்த மஞ்சள் பேனர் பந்தலில் இருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "எடுத்துக்குங்கக்கா, லாரி நெறைய எறங்கியிருக்கு. நாங்க சொன்னதுக்கு மேலயே வந்திருக்கு" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "முருகனே அனுப்பிட்டான்" என்றார். நான் புடவையைச் செருகிக்கொண்டு இருபத்தொன்றையும் ஓங்கி ஓங்கி உடைத்தேன். நீதிமன்றத்தில் சுத்தியல் இல்லாத குறையெல்லாம் அன்று தீர்ந்தது.

மறுநாள், தைப்பூசக் காலை, மஞ்சள் புடவை, வெறுங்கால், தலையில் சும்மாட்டின்மேல் பித்தளைக் குடம், குடத்தில் பால். அடிவாரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சாலையைக் கழுவியிருந்தார்கள், ஆனாலும் ஓரங்களில் முந்தைய நாளின் தேங்காய்ச் சில்லுகள் காலில் குத்தின. அம்மா பக்கத்தில் வந்தார். என் கைபேசி அவர் கைப்பையில் இருந்தது. அது மணியடித்தது.

அம்மா எடுத்தார். "அவ பால்குடம் எடுக்குறா. நாளைக்குக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மறுபடி அடித்தது. "சொன்னேன்ல, நாளைக்கு" என்றார்.

மூன்றாம் முறை அடித்தபோது, என் காதில் வைக்கச் சொன்னேன். நீதிமன்றக் குமாஸ்தா. மலாய்த் தோழிக்கு விடியற்காலையில் இடுப்பு வலி எடுத்துவிட்டது, பிள்ளை மூன்று வாரம் முந்திக்கொண்டது. சீனத் தோழர் தூரத்து ஈப்போவில் இருக்கிறார். மற்றவர்கள் நீண்ட விடுமுறை என்று தீவை விட்டே போய்விட்டார்கள். ஒரே ஒரு ரிமாண்டு மனுதான் இருக்கிறது, ஆளைப் பிடித்தது நேற்றுக் காலை பதினொன்று ஐந்துக்கு. இப்போது மணி பத்தேகால்.

நீதிமன்றத்துக்குப் போய்வர முடியாது. அந்தக் கூட்டத்தில் எறும்புகூட எதிர்த்திசையில் போக முடியாது. சட்டம் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்து என்கிறது, கட்டடத்தைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கு நானே வாதாடி, ஆளை இங்கேயே கொண்டுவரச் சொன்னேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நிக்காம பேசு. நடந்துகிட்டே பேசி அனுப்பு" என்றார்.

கால் மணி நேரத்தில் போலீஸ் கார் ஊர்ந்து வந்தது. இறங்கியவர் ஒரு மலாய் இன்ஸ்பெக்டர். இளைஞர், கெடாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். என்னைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, காலணியைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டு வெறுங்காலோடு சலாம் வைத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

பின்னால் விலங்கோடு இறங்கியவர் நாற்பது வயதிருக்கும் ஒரு லாரி ஓட்டுநர். தாடி வளர்ந்திருந்தது, கழுத்தில் துளசி மணி. சாலையோரம் ஒரு பந்தல் நிழலில் நின்றோம். அது ஒரு சீன அங்கிள் வருடாவருடம் போடும் பார்லித் தண்ணீர்ப் பந்தல். அங்கிள் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டே எங்களை ஓரக்கண்ணால் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் மலாயில் விறைப்பாக ஆரம்பித்தார். மூவாயிரம் தேங்காய் காணாமல்போன வழக்கு. ஏற்றிய லாரியின் ஓட்டுநர் இவர். தேங்காய் சேர வேண்டிய பந்தலுக்குச் சேரவில்லை. பொருளைத் தேடிக் கைப்பற்றவும் கூட்டாளிகளைக் கண்டுபிடிக்கவும் நாலு நாள் ரிமாண்டு வேண்டும்.

ஓட்டுநரைப் பார்த்து, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டேன்.

"புவான், அவரு நாலு நாள் கேக்குறாரு. குடுங்க, நான் வேணாங்கல" என்றார். "ஆனா நாளையிலேருந்து குடுங்க. நாப்பது நாள் வெரதம் இருந்துட்டேன் புவான். என் குடம் லாரியிலயே இருக்கு. இன்னிக்கி மட்டும் மல ஏறிட்டு, நானே ஸ்டேசனுக்கு வந்து ஒக்காந்துக்கிறேன்."

நாளைக்குத் தள்ளிப் போட்டு ரிமாண்டு கேட்ட ஒரே மனிதரை என் வேலைக்காலத்தில் அன்றுதான் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் அது புரியாமல் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு மலாயில் எடுத்துச் சொன்னேன்.

நாட்குறிப்பைக் கொடுங்கள் என்றேன். இங்கேதான் சிக்கல். குடம் தலையில் இருக்கும்போது குனிய முடியாது. குனிந்தால் பால் நாட்குறிப்பில் கொட்டும். இன்ஸ்பெக்டர் நாட்குறிப்பை என் கண்ணுக்கு நேரே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். முதல் பக்கத்தில் நாலு வரி படிப்பதற்குள் காவடி ஒன்று மேளத்தோடு வந்து இருவரையும் இடித்தது. பால் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது. எழுத்தெல்லாம் நீந்தியது.

அம்மா காதில், "கையெழுத்த போட்டுட்டு வா. பால் திரிஞ்சிரும்" என்றார்.

போட்டிருக்கலாம், ஒரு நிமிட வேலை. நாலு நாள் கேட்டவருக்கு இரண்டு நாள் கொடுத்தால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. எனக்கு மலையும் கிடைக்கும், ஒருவேளை செஷன்ஸும் கிடைக்கும். அந்த மனிதருக்கு இந்த வருடம் மலை கிடையாது, அவ்வளவுதான். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே "நன்றி புவான்" என்று சொல்லிவிட்டுப் போன அந்தத் தொழிற்சாலைக்காரரின் முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"அம்மா, குடத்த எறக்கப் போறேன்" என்றேன்.

"எறக்குனா செஷன்ஸு போச்சுடி!"

"போனா போகட்டும். படிக்காம கையெழுத்து போட மாட்டேன்."

"அப்ப தரையில வைக்காத. வேற தலையில ஏத்து" என்றார் அம்மா. கூட்டரசு நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது.

யார் தலையில்? ஓட்டுநர் விலங்குக் கையை நீட்டினார். "நான் புடிச்சிக்கிறேன் புவான், நான் சுத்தமாத்தான் இருக்கேன்." சந்தேக நபரிடம் உதவி வாங்கிக்கொண்டு அவர் மனுவை நான் எப்படி விசாரிப்பது? வேண்டாம் என்றேன். உடனே இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். மனு போட்டிருப்பவரே அவர்தான், அவரும் கூடாது. அம்மாவுக்குக் கழுத்து இல்லை. வருகிறவர் போகிறவர் தலையிலெல்லாம் ஏற்கெனவே குடம் இருந்தது. இத்தனை ஆயிரம் பேர் நடுவில் பாரபட்சமில்லாத ஒரு தலை கிடைக்கவில்லை.

"நான் புடிக்கிறேன் லா, தங்காச்சி" என்றது ஒரு குரல். பார்லித் தண்ணீர் அங்கிள்.

நான் விடவில்லை. இவர்கள் இருவரில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். தேங்காய் வியாபாரம் உண்டா? இல்லை. என்னைத் தெரியுமா?

"ஒன்னைத் தெரியும். போன வருசம் என் மகனுக்கு பார்க்கிங் ஃபைன் போட்டே. முந்நூறு வெள்ளி."

அதில் ஏதாவது வருத்தம் உண்டா என்றேன்.

"அவன் தப்பு பண்ணான் லா. இன்னும் கூடப் போட்டிருக்கணும்" என்றார் அங்கிள். இவ்வளவு நடுநிலையான மனிதர் நீதித்துறையிலேயே குறைவு. அம்மா அவருக்குக் கைகால் கழுவத் தண்ணீர் ஊற்றி, நெற்றியில் விபூதி பூசி, என் தலையிலிருந்த குடத்தை அவர் தலைக்கு மாற்றினார். அங்கிள் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு சிலைபோல நின்றார்.

நான் போலீஸ் காரின் முன்பக்கத்தில் நாட்குறிப்பை விரித்துவைத்துப் படித்தேன்.

முதல் பக்கம் புகார். இரண்டாம் பக்கம் கைது. மூன்றாம் பக்கத்தில் ஓட்டுநரின் வாக்குமூலம். மஞ்சள் பேனர் போட்ட பந்தலில் இறக்கு என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சாலையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே இரண்டு மஞ்சள் பேனர். போன வருடம்வரை அது ஒரே பந்தல். தலைவர் யார் என்ற சண்டையில் கமிட்டி இரண்டாக உடைந்து ஆளுக்கொரு பக்கம் பந்தல் போட்டுவிட்டது. பேனர் நிறத்தை மட்டும் இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டுநர் காலை ஆறு மணிக்கு இடது பக்கத்தில் இறக்கினார். அவர்கள் நன்றியோடு வாங்கிக்கொண்டார்கள். வலது பக்கத்துக்காரர்கள் ரதம் வரும்வரை காத்திருந்து, கையில் ஒரு தேங்காய்கூட இல்லாமல் ரதத்தைக் கும்பிட்டுவிட்டு நேராகப் போலீசுக்குப் போயிருக்கிறார்கள்.

"பொருளைக் கைப்பற்ற வேண்டும் என்கிறீர்களே, பொருள் இப்போது எங்கே இருக்கிறது?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருடைய வெறுங்காலில் ஒரு வெள்ளைச் சில்லு ஒட்டியிருந்தது.

"கூட்டாளிகள்?"

"உடைத்தவர்கள்தான், புவான். இன்னும் அடையாளம் தெரியவில்லை."

அப்போதுதான் அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பழுது பார்க்கும் அந்தக் கண், நாட்குறிப்பில் வரைந்திருந்த பந்தல்களின் வரைபடத்தில் ஒரு நொடி நின்றது.

"எடது பக்க மஞ்ச பேனரா? நாம நேத்து ஒடச்சோமே, அந்தத் தேங்காதானே இது?"

இருபத்தொன்று. ஓங்கி ஓங்கி உடைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. ஓட்டுநருக்குத் தெரியும், ஆனால் அவர் வேண்டுமென்றே மலையுச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்காததுபோல் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டுப் போயிருக்கலாம். தீர்ப்பும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் திருட்டுப் பொருளென்று சொல்லப்படுவதை நேற்று உடைத்தவளே, இன்று அது திருட்டே இல்லை என்று எழுதக் கூடாது.

இன்ஸ்பெக்டரிடம் மலாயில் முழுவதையும் சொன்னேன். நான் ஒரு சாட்சி, இந்த மனுவை நான் விசாரிக்கக் கூடாது, விலகுகிறேன் என்றேன். வேறு மாஜிஸ்திரேட்டைத் தேடுங்கள் என்றும் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்தெட்டு. தன் மேலதிகாரியைக் கைபேசியில் கூப்பிட்டு விறைப்பாக நின்றபடியே விளக்கினார். மறுமுனையிலிருந்து எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சிரிப்பு.

பதினொன்று ஐந்து ஆகும்வரை காத்து நின்றோம். காவடிகள் போய்க்கொண்டிருந்தன. சரியாக பதினொன்று ஐந்துக்கு இன்ஸ்பெக்டர் விலங்கைத் திறந்துவிட்டு, திங்கட்கிழமை ஸ்டேசனுக்கு வர வேண்டும் என்று சொன்னார். ஓட்டுநர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அவருடைய குடம் லாரியோடு ஸ்டேசனில் சான்றுப் பொருளாக இருந்தது.

"புவான், உங்கள் வாக்குமூலமும் எடுக்க வேண்டும்" என்றார் இன்ஸ்பெக்டர் கூச்சத்தோடு. எத்தனை உடைத்தீர்கள் என்று கேட்டார். இருபத்தொன்று என்றேன்.

"அதுல ஒண்ணு சரியா ஒடையல. ரெண்டாந் தடவ போட்டா. அதையும் எழுதச் சொல்லு" என்றார் அம்மா.

எழுதினார்.

குடத்தை வாங்கப் போனேன். அம்மா கையை நீட்டித் தடுத்தார். ஒரு தடவை தலை மாறியாயிற்று, இன்னொரு தடவை மாறக் கூடாது, யார் தலையில் இருக்கிறதோ அவரே ஏற வேண்டும். இந்தச் சட்டம் எப்போது இயற்றப்பட்டது என்று கேட்டேன். இப்போதுதான் என்றார். அங்கிள் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் தன் மனைவியிடம் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ சொல்லி அகப்பையைக் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்படியாக நாங்கள் தண்ணீர்மலை ஏறினோம். முன்னால் என் குடத்தோடு சீன அங்கிள். பின்னால் வெறுங்கையோடு நான், வெறுங்கையோடு ஓட்டுநர். சாட்சியும் சந்தேக நபரும் வழக்கைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது என்பதால் எங்கள் இருவருக்கும் நடுவில் இன்ஸ்பெக்டர், நாட்குறிப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு. கடைசியில் அம்மா. ஐந்நூறு சொச்சம் படி. பாதியில் இன்ஸ்பெக்டருக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது. ஓட்டுநர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் விலக்கவில்லை.

மேலே சன்னிதியில் குடத்தை வாங்கிய ஐயர் நிமிராமலே, "யார் பேருக்கு? பேர், நட்சத்திரம்" என்றார். அங்கிள் திரும்பி என்னைப் பார்த்தார். அம்மா என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்கு முன் நான் ஓட்டுநரின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஐயர், "நட்சத்திரம்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதரின் முழுப்பெயர், அப்பா பெயர், அடையாள அட்டை எண், லாரி எண், வீட்டு முகவரி எல்லாம் நாட்குறிப்பில் படித்து மனப்பாடமாக இருந்தது. நட்சத்திரம் மட்டும் இல்லை. நான் நேராக அவரிடம் பேச விரும்பவில்லை.

"இன்ஸ்பெக்டர், அவருடைய நட்சத்திரம் என்னவென்று கேளுங்கள்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் விழித்தார். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சீக்கிரம் கேக்கச் சொல்லு. ஐயர் எவ்வளவு நேரம் நிப்பாரு?"

இன்ஸ்பெக்டர் கேட்டார். ஓட்டுநர் கைகூப்பினார். "கார்த்திகை" என்றார். இன்ஸ்பெக்டர் அதை எனக்குச் சொன்னார், நான் ஐயருக்குச் சொன்னேன். பிறகு இன்ஸ்பெக்டர் பழக்க தோஷத்தில் நாட்குறிப்பைத் திறந்து, மூன்றாம் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் நேரத்தைப் போட்டு அதை எழுதிக்கொண்டார். பால் வேல்மேல் ஊற்றப்பட்டபோது ஓட்டுநர் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். அங்கிள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை என் மேலதிகாரிக்கு இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். படித்தேன் என்று ஒரே வரியில் பதில் வந்தது. இரண்டு பந்தல்காரர்களும் ஸ்டேசனில் சமாதானமாகி வழக்கு மூடப்பட்டது. மலாய்த் தோழிக்குப் பெண் குழந்தை. அடுத்த தைப்பூசத்தின்போது பேனர்கள் பச்சையும் மஞ்சளுமாக இருந்தன. செஷன்ஸ் கடிதம் எனக்கு இன்னும் வரவில்லை.

போன மாதம் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு தீவுக்கு எதிரே இருக்கும் பெருநிலத்துக்குப் போனேன். புக்கிட் தெங்கா சமிக்ஞை விளக்கில் பக்கத்தில் ஒரு புத்தம்புது லாரி வந்து நின்றது. முகப்பில் எலுமிச்சம்பழமும் மாலையும். கதவில் உரிமையாளர் என்று எழுதியிருந்த, நாட்குறிப்பில் மனப்பாடமான அந்தப் பெயரை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரும் என்னைப் பார்த்துவிட்டார். தாடி இல்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டிக் கும்பிட்டார். விளக்கு பச்சையானதும் நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

அம்மா அந்த லாரி மறையும்வரை பார்த்தார்.

"பாத்துக்க. அதோ போகுது உன் செஷன்ஸு" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம்கூட வருத்தமாக இல்லை.